எப்.எம். ட்யூனருக்கு ஆர்டிஎஸ் டிரைவர் எழுதுவது எப்படி: கொழும்பில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எப்.எம். வானொலியில் பாட்டோடு சேர்ந்து எழுத்தும் வருகிறது. நிலையத்தின் பெயர், ஓடிக்கொண்டிருக்கும் பாடலின் விபரம், நேரம், அதே நிகழ்ச்சியைக் கேட்கக்கூடிய மற்ற அலைவரிசைகள் என எல்லாம் ஆர்டிஎஸ் என்ற தரவு ஓடையில் வரும். ட்யூனர் சிப் அதைப் பிடித்துத் தருகிறது. அதை லினக்ஸ் கெர்னலில் வாங்கி மேலே இருக்கும் செயலிக்குக் கொடுப்பது டிரைவரின் வேலை. இப்படி ஒரு டிரைவரை முதல்முறை எழுத உட்கார்ந்தால், பக்கத்தில் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்கும் கிடைக்கவில்லை. சிப்பின் ஆவணம் ஒன்றைச் சொல்லும், கெர்னல் ஆவணம் வேறொன்றைச் சொல்லும், நடுவில் பார்சல் சுங்கத்தில் நிற்கும். அடுத்து வருகிறவர்கள் இதே பாடு படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். சி மொழி தெரிந்து, ஒரு கெர்னல் மாட்யூலைக் கட்டி ஏற்றிப் பார்த்த பழக்கம் இருந்தால் போதும், மற்றதை இங்கே பார்க்கலாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த பிளாக்கை வந்தபடியே, எவ்வளவு பிழையோடு வந்தது என்ற குறியோடு மேலே கொடுங்கள். அதற்கு அர்த்தம் காண்பதைச் செயலியிடம் விட்டுவிடுங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் முடிவுகளில் பாதி தானாகவே அமையும்.

1. என்ன வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது

ஆர்டிஎஸ் தரவு 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் வருகிறது. ஸ்டீரியோவுக்கான 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டின் மூன்று மடங்கு அது. வேகம் வினாடிக்கு 1187.5 பிட். 16 பிட் தரவும் 10 பிட் சரிபார்ப்பும் சேர்ந்து 26 பிட்டில் ஒரு பிளாக். நான்கு பிளாக் சேர்ந்தால் ஒரு குரூப், 104 பிட். ஆக வினாடிக்கு 11.4 குரூப் வரும், ஒரு குரூப்புக்கு ஏறக்குறைய 87.6 மில்லிவினாடி.

முதல் பிளாக்கில் நிலையத்தின் அடையாள எண் இருக்கும், அதுதான் பிஐ. இரண்டாவதில் இது எந்த வகைக் குரூப் என்பது (ஒரு எண்ணும், ஏ அல்லது பி என்ற வடிவமும்) இருக்கும். 0 வகை நிலையத்தின் பெயர்: மொத்தம் 8 எழுத்து, ஒரு தடவைக்கு 2. 2ஏ வகை ரேடியோடெக்ஸ்ட்: மொத்தம் 64 எழுத்து, ஒரு தடவைக்கு 4. 4ஏ வகை நேரம், நிமிடத்துக்கு ஒருமுறை.

லினக்ஸில் வீடியோ, வானொலிச் சாதனங்களுக்கான வி4எல்2 இடைமுகம் ஒவ்வொரு பிளாக்கையும் 3 பைட்டாக மேலே அனுப்புகிறது. வினாடிக்கு 45.6 பிளாக், அதாவது கிட்டத்தட்ட 137 பைட். இவ்வளவு சின்ன ஓடைக்கு டிஎம்ஏ (சிபியூவைத் தொடாமல் நினைவகத்துக்கு நேரே தரவு அனுப்புவது) போன்ற வேகத் தந்திரம் எதுவும் தேவையில்லை. உங்கள் கவனம் முழுக்க வேறு இடத்தில் இருக்கவேண்டும்: எந்தப் பிளாக் நம்பத்தக்கது, எது எந்த நிலையத்தினுடையது, எப்போது வந்தது.

2. கையில் இருக்கவேண்டிய ஆவணங்கள்

தரநிலையின் பெயர் ஐஇசி 62106. இது விலைக்கு விற்கப்படுவது, பல பாகங்களாகப் பிரிந்திருப்பது, ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் காசு. தொடக்கத்திலேயே வாங்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் ஆர்பிடிஎஸ் தரநிலையான என்ஆர்எஸ்சி-4-பி இலவசமாகக் கிடைக்கிறது. பிளாக் அமைப்பு, குரூப் வகைகள், சரிபார்ப்புக் கணக்கு எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். முக்கியமாக வேறுபடுவது நிகழ்ச்சி வகைப் பட்டியல்: ஒரே எண் அங்கே ஒரு வகையைக் குறிக்கும், நம்முடைய பக்கம் இன்னொன்றைக் குறிக்கும். அந்தப் பட்டியலை அமெரிக்க ஆவணத்திலிருந்து எடுக்காதீர்கள்.

சிப்புக்கு, நான் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது எஸ்ஐ4703. அதற்குத் தரவுத்தாளோடு இன்னும் இரண்டு குறிப்புகள் கட்டாயம்: ஏஎன்230 என்ற நிரலாக்க வழிகாட்டி, ஏஎன்243 என்ற ஆர்டிஎஸ் விளக்கம். தரவுத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்டிஎஸ் பகுதியை எழுத முடியாது. எஸ்ஐ4702 என்று ஒரு சிப்பும் உண்டு, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதில் ஆர்டிஎஸ் கிடையாது. வாங்கும்போது கடைசி எண்ணைப் பாருங்கள்.

கெர்னல் பக்கத்தில், யூசர்ஸ்பேஸ் (செயலிகள் ஓடும் பக்கம்) ஆவணத்தில் மீடியா பகுதியின் கீழ் ஆர்டிஎஸ் இடைமுகம் என்று ஒரு சிறிய பக்கம் இருக்கிறது. அதை அச்சடித்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டி வரும்.

இன்னொரு ஆவணமும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தால், உங்கள் நிரலைப் பொதுவில் கொடுக்க அனுமதி உண்டு என்று முதலாளி தரப்பிலிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கெர்னலுக்கு அனுப்பும் ஒவ்வொரு பேட்சிலும் (நிரல் மாற்றத் தொகுப்பு) உங்கள் பெயரில் ஒப்புதல் வரி போடவேண்டும். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்பது அதன் பொருள். வேலை ஒப்பந்தத்தில் 'எழுதும் எல்லாம் நிறுவனத்துக்கே' என்று ஒரு வரி இருந்தால் அந்த ஒப்புதலை நீங்கள் போட முடியாது. மனிதவளப் பிரிவில் இப்படி ஒரு கடிதம் கேட்டால் யாரிடம் அனுப்புவது என்று அவர்களே யோசிப்பார்கள். அதனால் முதல் நாளே கேட்டுவைப்பது நல்லது.

3. ஒரு ரூபாவும் செலவழிக்காமல் தொடங்குங்கள்

சிப் வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. கெர்னலோடு விவிட் என்ற போலி டிரைவர் வருகிறது. அதை ஏற்றினால் ஒரு வானொலி வாங்கியும் ஒரு ஒலிபரப்பியும் உங்கள் கணினிக்குள் தோன்றும், இரண்டிலும் ஆர்டிஎஸ் உண்டு. உபுண்டுவில் கூடுதல் மாட்யூல் தொகுப்பை நிறுவினால் கிடைக்கும். கூடவே வி4எல்-யூட்டில்ஸ் தொகுப்பையும் நிறுவுங்கள். ஆர்டிஎஸ்-சிடிஎல் என்ற கருவியும், டிரைவர் விதிப்படி நடக்கிறதா என்று சோதிக்கும் வி4எல்2-கம்ப்ளையன்ஸ் கருவியும் அதில்தான் இருக்கின்றன.

விவிட்டின் அருமை அதன் பிழைகளில் இருக்கிறது. எப்.எம்.மில் 1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு நிலையம் இருப்பதாக அது நடிக்கும். ஏற்றியவுடன் 95 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். சரியான அலைவரிசையிலிருந்து இரு பக்கமும் 12.5 கிலோஹெர்ட்ஸ் வரை ஆர்டிஎஸ் கிடைக்கும். விலக விலகப் பிழை கூடி, விளிம்பில் பாதிப் பிளாக்குகள் வரை கெட்டுப்போகும். திருத்தப்பட்டது, பிழையானது, செல்லாதது, காணாமல்போனது என்று நான்கு விதமும் சம அளவில் வரும். உண்மையான அன்டெனாவை வைத்துக்கொண்டு இப்படி அளந்து பிழை உண்டாக்க முடியாது. உங்கள் செயலிப் பக்க நிரலை முதலில் இதில் ஓட்டுங்கள். 95 மெகாஹெர்ட்ஸில் சுத்தமாக வருவது, 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போனதும் நிலையப் பெயரில் குப்பை எழுத்தாக மாறினால், நிரல் பிழைக் குறிகளைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

4. சிப்பை வாங்குவதும் சுங்கத்தைத் தாண்டுவதும்

முதலில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எப்.எம். மாட்யூல் என்று கேட்டால் பெரும்பாலும் எம்பி3 போர்டுகளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், அவற்றில் ஆர்டிஎஸ் வெளியே வராது. சிப்பின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து எடுக்கவேண்டியதுதான்.

மாட்யூலின் விலை சின்னது, அனுப்புச் செலவும் வரியும்தான் பாரம். பொருளின் விலையோடு அனுப்புச் செலவையும் சேர்த்தே வரி போடுவார்கள். அதன்மேல் வற் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். ஒரு மாட்யூலுக்காகக் கூரியர் காசு கொடுப்பதைவிட, தெரிந்தவர்களோடு சேர்ந்து ஒரே பார்சலாக எடுப்பது நல்லது. எப்படியும் இரண்டு மாட்யூல் எடுங்கள். ஒன்று கருகினால் இன்னொன்று வரும்வரை வாரக்கணக்கில் வேலை நிற்கும்.

வானொலி என்ற சொல் பார்சலில் இருந்தால், சுங்கத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். அதற்குத் தயாராக இருங்கள்: இன்வாய்ஸ், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, அடையாள அட்டையின் பிரதி, தரவுத்தாளின் முதல் பக்கம். அந்தப் பக்கத்தில் 'ரிசீவர்' என்று இருக்கும் வரியைக் கோடிட்டுக் கொண்டுபோங்கள். வாங்கும் சாதனமா, ஒலிபரப்பும் சாதனமா என்பதுதான் அங்கே முதல் கேள்வி, அதற்கு விடை தாளிலேயே இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். ஆணைக்குழுவின் கந்தோர் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. போகவேண்டி வந்தால் காலையிலேயே போங்கள்.

ஒரு கடும் எச்சரிக்கை. சோதனைக்கு வசதியாக இருக்கும் என்று எஸ்ஐ4713 போன்ற எப்.எம். ஒலிபரப்பிச் சிப்பைச் சேர்த்து வாங்கவேண்டாம். அனுமதியில்லாமல் அலையில் எதையும் அனுப்புவது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மாட்டிவிடும். மேசைக்குள் மட்டும்தான் என்றாலும் அப்படித்தான். ஒலிபரப்புப் பக்கம் சோதிக்க விவிட் இருக்கிறது.

5. சிப்போடு பேசவைத்தல்

எஸ்ஐ4703 போர்டைப் பொருத்தியதும் பலர் தடுமாறும் இடம் ரீசெட். ரீசெட் கோடு மேலே எழும் தருணத்தில் தரவுக் கோடு கீழே பிடிக்கப்பட்டிருக்கவேண்டும், அப்போதுதான் சிப் இரண்டு கம்பி முறைக்கு வரும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் ஐ2சி (அந்த இரண்டு கம்பித் தொடர்பு முறை) டிரைவர் தரவுக் கோட்டை ஏற்கெனவே மேலே இழுத்து வைத்திருக்கும். சிப் முகவரி பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் கம்பியைக் குறைசொல்லும் முன் இந்த வரிசையைப் பாருங்கள்.

அடுத்தது, இந்தச் சிப்பில் வாசிப்பு ரெஜிஸ்டர் 10இலிருந்து தொடங்கும், எழுதுவது 2இலிருந்து தொடங்கும். வழக்கமான ஐ2சி சிப் மாதிரி 'இந்த ரெஜிஸ்டரைத் தா' என்று கேட்க முடியாது. ஆனால் இதில் நமக்கு ஒரு லாபம்: நிலை ரெஜிஸ்டர் 10, ஆர்டிஎஸ் பிளாக்குகள் 12 முதல் 15 வரை. 12 பைட் வாசித்தால் ஒரு குரூப்புக்குத் தேவையான எல்லாம் கையில். 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் இதற்கு ஒன்றேகால் மில்லிவினாடிகூட ஆகாது.

ஆர்டிஎஸ் இன்டரப்டைப் பயன்படுத்துங்கள். ஐ2சி வாசிப்பு தூங்கக்கூடியது, அதனால் கடும் இன்டரப்டுக்குள் அதைச் செய்ய முடியாது. த்ரெடட் இன்டரப்டாக எழுதுங்கள். இன்டரப்ட் கோடு இல்லாத போர்டு என்றால் 40 மில்லிவினாடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கலாம். குரூப் ஒன்றின் நேரத்தில் பாதிக்கும் குறைவு என்பதால் எதுவும் தவறாது, ஆனால் ஒரே குரூப்பை இரண்டு தடவை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சிப்பில் சாதாரண முறை, விரிவான முறை என்று இரண்டு இருக்கின்றன. கட்டாயம் விரிவான முறை. சாதாரண முறையில் ஒவ்வொரு பிளாக்கின் பிழைநிலையும் தனித்தனியாகக் கிடைக்காது.

6. இடைமுகம்: பிளாக்கா, கன்ட்ரோலா?

இதில் எடுக்கும் முடிவைப் பிறகு மாற்ற முடியாது. யூசர்ஸ்பேஸுக்கு ஒருமுறை கொடுத்த இடைமுகத்தைக் கெர்னல் உடைக்காது. ஆகவே நிதானமாக யோசியுங்கள்.

வி4எல்2 இரண்டு வழி தருகிறது. ஒன்று பிளாக் ஐஓ: செயலி ரீட் அழைத்தால் 3 பைட்டுக்கு ஒன்றாகப் பிளாக்குகள் வரும். மற்றது கன்ட்ரோல்: நிலையப் பெயர், ரேடியோடெக்ஸ்ட், நிகழ்ச்சி வகை என்று தயாராக இருக்கும் மதிப்புகளைச் செயலி வாசிக்கும். சிப்பே உள்ளுக்குள் எல்லாவற்றையும் பிரித்து முடித்து, மூலப் பிளாக்கைத் தர மறுக்கும் சாதனங்களுக்குத்தான் கன்ட்ரோல் வழி. உங்கள் சிப் மூலப் பிளாக்கைத் தந்தால், கெர்னலுக்குள் அதைப் பிரித்துக் கன்ட்ரோலில் போடும் ஆசை வரும், ஏனென்றால் சோதிக்கும்போது பெயர் உடனே திரையில் தெரியும். செய்யாதீர்கள்.

காரணத்தைத் தமிழை வைத்தே காட்டுகிறேன். ஆர்டிஎஸ்ஸின் பழைய எழுத்துப் பட்டியலில் தமிழ் கிடையாது. அதனால்தான் நிலையத்தின் பெயர் ரோமன் எழுத்தில் வருகிறது. ஆனால் விரிவாக்கிய ரேடியோடெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு. அதில் யூடிஎப்-8 அனுப்பலாம், மொத்தம் 128 பைட். அது எந்தக் குரூப்பில் வரும் என்பதை 3ஏ வகைக் குரூப் முன்கூட்டியே அறிவிக்கும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 42 குறிகளுக்கு இடம் இருக்கிறது, ஒரு பாடலின் முதல் அடிக்குப் போதும். இப்போது 'தமிழ்' என்ற சொல்லையே எடுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள், 15 பைட். குரூப் ஒன்றில் 4 பைட்தான் போகும். முதல் குரூப்பில் 'த' முழுதாகவும் 'ம'வின் முதல் பைட்டும் வரும், 'ம'வின் மிச்சம் அடுத்த குரூப்பில். நான்கு குரூப்பும் வந்து சேரும்வரை அந்தச் சொல்லை வாசிக்கவே முடியாது.

கெர்னலில் 64 எழுத்து ரேடியோடெக்ஸ்டை மட்டும் பிரித்துத் தரும் டிரைவர் இந்தக் குரூப்புகளை அறியாமல் தூக்கி எறிந்துவிடும். கொழும்பில் ஒரு நிலையம் நாளைக்குத் தமிழில் அனுப்பத் தொடங்கினால், அதைக் காட்ட டிரைவரை மாற்றி, புதுக் கெர்னல் வந்து, அது உங்கள் சாதனத்துக்கு இறங்கும்வரை காத்திருக்கவேண்டும். பிளாக்கை அப்படியே கொடுத்திருந்தால் செயலியில் ஒரு சின்ன மாற்றம் போதும், அன்று மாலையே தமிழ் தெரியும். சிங்களத்துக்கும் இதே கதைதான்.

பிளாக் ஐஓ என்று முடிவெடுத்தால் சொல்லவேண்டியதை முறையாகச் சொல்லுங்கள். சாதனத்தின் திறன்களில் ஆர்டிஎஸ் வாங்கும் என்ற கொடி, ட்யூனரின் திறன்களில் ஆர்டிஎஸ், பிளாக் ஐஓ என்ற இரண்டு கொடிகள். தற்போதைய நிலையத்தில் ஆர்டிஎஸ் தென்படுகிறதா என்பதை ட்யூனரின் துணைச் சேனல் விபரத்தில் காட்டவேண்டும். ஆர்டிஎஸ் இல்லாத நிலையத்திலும் அந்தக் கொடியை எப்போதும் ஏற்றிவைத்தால், செயலி வராத பெயருக்காகக் காத்துக்கிடக்கும்.

7. அந்த 3 பைட்டை நிரப்புவது

முதல் பைட் கீழ்ப் பாதி, இரண்டாவது மேல் பாதி, மூன்றாவது பிளாக்கின் குறி. சிப் 12, 34 என்ற வரிசையில் தந்தால் நீங்கள் 34ஐ முதலிலும் 12ஐ அடுத்தும் வைக்கவேண்டும். தலைகீழாக வைத்தால் பிஐ எண் புரண்டு வரும். மோசம் என்னவென்றால், அது மாறாமல் ஒரே எண்ணாகவே வரும், அதனால் பார்ப்பவருக்குச் சரியாகவே தோன்றும். இரண்டாம் பிளாக்கும் புரளுவதால் குரூப் வகை தப்பாகி, நிலையப் பெயர் ஒழுங்காக வராது.

மூன்றாவது பைட்டின் கீழ் 3 பிட்டில் பிளாக் எண்: 0 முதல் 3 வரை வழக்கமான நான்கு, பி வகைக் குரூப்பின் மூன்றாம் பிளாக்குக்கு 4, செல்லாததற்கு 7. அடுத்த 3 பிட்டிலும் அதே எண்ணைப் போடுங்கள். பிட் 6 திருத்தப்பட்டது என்பதற்கு. பிட் 7 திருத்த முடியாத பிழை என்பதற்கு.

இந்தச் சிப் பிழைநிலையை நான்கு படியாகச் சொல்கிறது: பிழையே இல்லை, 1–2 பிட் திருத்தியது, 3–5 பிட் திருத்தியது, 6க்கு மேல் அல்லது திருத்தவே முடியாதது. வி4எல்2இல் இருப்பது இரண்டு கொடி மட்டும். நடுவில் இருக்கும் 3–5 பிட் படியை எங்கே சேர்ப்பது? 10 பிட் சரிபார்ப்பை வைத்துக்கொண்டு 5 பிட் வரை திருத்தும்போது, தப்பான திருத்தம் சரி என்று கடந்துவிடும் வாய்ப்பு நிஜமானது. ஆகவே அதைப் பிழை என்றே குறிப்பதுதான் என் தெரிவு. கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் எஸ்ஐ470எக்ஸ் டிரைவரும் இயல்பாக 1–2 பிட் வரைதான் ஏற்றுக்கொள்கிறது, வேண்டியவர்கள் மாட்யூல் அளவுருவில் மாற்றிக்கொள்ளலாம்.

பிழையான பிளாக்கை எறிந்துவிடாதீர்கள். குறிபோட்டு அனுப்புங்கள். நடுவில் ஒன்று காணாமல் போனால், செயலி அடுத்த குரூப்பின் பிளாக்கை முந்தையதோடு ஒட்டிவிடலாம்.

8. பஃபர், பூட்டு, அலைவரிசை மாற்றம்

பஃபர் எவ்வளவு? 100 பிளாக் என்றால் ஏறக்குறைய 2.2 வினாடி தாங்கும். செயலி கொஞ்சம் சோம்பினாலும் இழக்காமல் இருக்க அரை நிமிடம் வைத்தால் 1,368 பிளாக், 4 கிலோபைட்டுக்குச் சற்று மேல். நினைவகம் பிரச்சினை இல்லை. ஆனால் நீளமான பஃபரில் பழைய தரவு தேங்கும், அதன் விளைவு அடுத்த பகுதியில். நிரம்பிவிட்டால் பழையதை எறிந்து புதியதை வையுங்கள்.

அலைவரிசை மாறியதும் பஃபரைக் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் தென்றல் நிலையத்துக்குத் திருப்பியபிறகும் திரையில் முந்தைய நிலையத்தின் பெயர் நிற்கும். தேடல் ஓடும்போது வரும் பிளாக்குகளையும் சேர்க்கவேண்டாம், அவை வழியில் கடந்துபோன நிலையங்களுடையவை.

பூட்டில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ரீட் அழைப்பு தரவுக்காகக் காத்திருக்கும்போது டிரைவரின் மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கினால், வேறொரு செயலி அலைவரிசையை மாற்ற வந்து அதே பூட்டில் நிற்கும். ஆர்டிஎஸ் இல்லாத நிலையம் என்றால் தரவு வரவே வராது, இரண்டும் அங்கேயே உறைந்துவிடும். தூங்கும் முன் பூட்டை விடுங்கள், எழுந்தபின் திரும்ப எடுத்து நிலைமையை மறுபடி பாருங்கள். தடுக்காத முறையில் திறந்திருந்தால் காத்திராமல் 'பிறகு வா' என்ற பிழையைத் திருப்புங்கள். யூஎஸ்பி சாதனம் என்றால், பிடுங்கும்போது தூங்குகிறவர்களை எழுப்பி 'சாதனம் இல்லை' என்று சொல்லுங்கள். ரீட் எப்போதும் 3இன் மடங்காக மட்டுமே தரவேண்டும், செயலி 10 பைட் கேட்டால் 9 கொடுங்கள்.

9. நம் ஊருக்கே உரிய இரண்டு பொறிகள்

முதலாவது ஐந்தரை மணி நேரம். 4ஏ குரூப்பில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) வரும், உள்ளூர் வித்தியாசம் அரை மணிக் கணக்கில் தனியாக வரும். இலங்கைக்கு அந்த எண் 11. அதை முழு எண்ணாக 2ஆல் வகுத்தால் 5 மணிதான் கிடைக்கும், கடிகாரம் எப்போதும் 30 நிமிடம் பின்னால் நிற்கும். ஐரோப்பாவில் சோதித்த நிரல்களில் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது, இங்கே வந்ததும் தெரியும். இன்னொன்று: மணிக்கான 5 பிட்டில் மேல் பிட் மூன்றாம் பிளாக்கிலும் மிச்சம் 4 பிட் நான்காம் பிளாக்கிலும் இருக்கின்றன. மூன்றாம் பிளாக் பிழையோடு வந்தால் தேதி மட்டுமல்லாமல் மணியும் கெடும். அந்தக் குரூப்பை முழுதாக விட்டுவிடவேண்டும், அதற்குத்தான் மேலே சொன்ன பிழைக் கொடி. 4ஏ குரூப் முடியும் தருணமும் நிமிடம் மாறும் தருணமும் 0.1 வினாடிக்குள் பொருந்தவேண்டும் என்பது தரநிலை. உங்கள் பஃபரில் அது 2 வினாடி தேங்கினால் அந்தத் துல்லியம் போய்விடும். பிளாக்கில் நேரமுத்திரை இல்லை என்பதால் செயலி உடனுக்குடன் வாசிப்பதுதான் ஒரே வழி, 'போல்' (poll) என்ற அழைப்பை ஒழுங்காக எழுதுங்கள்.

இரண்டாவது ஜப்பான் பேண்ட். இங்கே ஓடும் கார்களில் நிறைய ஜப்பானிலிருந்து பாவித்து வந்தவை. அவற்றின் பழைய ரேடியோ 76–90 மெகாஹெர்ட்ஸ்தான் பிடிக்கும், மேலே உள்ளதைக் கேட்க எக்ஸ்பாண்டர் பூட்டுவார்கள். எஸ்ஐ4703இல் 87.5–108, 76–108, 76–90 என்று மூன்று பேண்ட் உண்டு. இணையத்தில் எடுத்த தொடக்க நிரல் ஜப்பான் பேண்டில் இருந்தால், சேனல் எண் சரியாக இருந்தும் அலைவரிசை தப்பாகும். மூன்றையும் பேண்ட் பட்டியலில் காட்டி, இயல்பாக 87.5–108ஐ வையுங்கள். இடைவெளி 100 கிலோஹெர்ட்ஸ், டீஎம்பசிஸ் (உயர் ஒலிகளைத் திரும்பத் தணிப்பது) 50 மைக்ரோவினாடி. அமெரிக்க இயல்பான 200 கிலோஹெர்ட்ஸில் விட்டால் பாதி நிலையங்களைத் தேடல் தாண்டிப் போகும். எந்த நிலையம் ஆர்டிஎஸ் அனுப்புகிறது என்று பார்க்க ஜப்பான் காரின் பழைய ரேடியோவை நம்பவேண்டாம், அங்கே ஆர்டிஎஸ் வழக்கில் இல்லை. ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த செட் ஒன்றில் பெயர் எழுத்தாக வருகிறதா என்று பாருங்கள்.

10. சோதித்து அனுப்புதல்

வி4எல்2-கம்ப்ளையன்ஸ் ஒரு பிழையும் காட்டாமல் முடியவேண்டும். அதன் வெளியீட்டைப் பேட்சோடு சேர்த்து அனுப்பக் கேட்பார்கள். அப்புறம் உண்மையான காற்று. இந்தப் போர்டுகளில் இயர்போன் கம்பிதான் அன்டெனா. வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஜன்னலோரம் வைத்து ஒருமுறை, உள் அறையில் ஒருமுறை ஓட்டுங்கள். பாட்டு இரண்டு இடத்திலும் நன்றாகவே கேட்கும், ஆனால் சுற்றியிருக்கும் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை ஆர்டிஎஸ்ஸைத்தான் முதலில் கெடுக்கும். உள் அறையில் பிழைக் கொடிகள் கூடாவிட்டால், டிரைவர் எங்கேயோ அவற்றை விழுங்குகிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யூஎஸ்பி வானொலி வாங்கிக் குச்சி ஒன்று கைவசம் இருந்தால் ரெட்சீ என்ற இலவச நிரலில் அதே நிலையத்தை வாங்கி, பிஐ எண்ணையும் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அனுப்பும் முன் நிரல் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டுங்கள், யாருக்கு அனுப்புவது என்பதைக் கெர்னலிலேயே இருக்கும் கெட்-மெயின்டெய்னர் சொல்லும். டிவைஸ் ட்ரீ (போர்டில் எந்தச் சிப் எங்கே என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) விளக்கம் தனிப் பேட்சாக இருக்கவேண்டும். மின்னஞ்சல் வெறும் எழுத்தாகப் போகவேண்டும், அலுவலக மின்னஞ்சல்கள் பல கீழே ஒரு இரகசியக் குறிப்பைத் தானாக ஒட்டும், அதோடு வந்த பேட்சை எடுக்கமாட்டார்கள். சொந்த முகவரியிலிருந்து கிட் சென்ட்-இமெயில் வழியாக அனுப்புங்கள்.

நேரம் பற்றி: கெர்னல் பதிப்பு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒன்று. அதில் புதிய விஷயங்களை எடுக்கும் சாளரம் முதல் 2 வாரம் மட்டும். மீடியா பகுதியில் அதற்கு முன்னமே பேட்ச் ஏற்கப்பட்டிருக்கவேண்டும். சாளரம் திறந்திருக்கும் நாட்களில் அனுப்பினால் பதில் தாமதமாகும். ஒரு வாரத்துக்குள் பதில் இல்லை என்று திரும்பத் திரும்ப அனுப்பவேண்டாம், இரண்டு வாரம் விட்டு ஒருமுறை பணிவாகக் கேளுங்கள். திருத்தம் சொன்னால் எல்லாத் திருத்தத்தையும் சேர்த்து 2ஆம் பதிப்பு என்று குறித்து, என்ன மாற்றினீர்கள் என்பதைப் பேட்சில் மூன்று கோட்டுக்குக் கீழே எழுதி அனுப்புங்கள்.